கம்ஷாத் மூன்றாவதாகக் கேட்டது

வெள்ளிக்கிழமை பகலில் தராஸ் நகரச் சந்தைக்குள் நுழைந்தபோது கம்ஷாத்தின் கையில் ஒரு தாள் இருந்தது. பாடம் நடத்தும் வாத்தியார் போனில் சொல்லச் சொல்ல அவளே எழுதிக்கொண்டது. மின்சுற்றுப் பலகை ஒன்று, கால்கள் ஏற்கனவே பற்றவைத்ததாக இருக்க வேண்டும். துளைகள் வரிசையாக உள்ள பிரெட்போர்டு ஒன்று. குட்டி எல்இடி விளக்கு, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், வெப்பமும் ஈரமும் பார்க்கும் சென்சார், ரிலே, வயர்கள். அடியில் இரண்டு கோடு போட்டு, 'இதே பலகைதான், வேறு வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது. தராஸ் காற்றுக்கு மார்ச் மாதத்தில் பிடிக்காத பொருள் கிடையாது. தொப்பி, துணி, கடைக்காரன் கையிலிருக்கும் நோட்டு என்று எது கிடைத்தாலும் இழுத்துக்கொண்டு ஓடும்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பதினான்கு வருஷமாகக் கோழிப்பண்ணையின் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றி, சூடு அரை டிகிரி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணிமைக்கு இனி வேலையில்லை என்று புது முதலாளி சொல்லிவிட்டார். தானே சூடு பார்த்து, தானே முட்டையைத் திருப்பும் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. பதினோரு பெண்களில் நான்கு பேர் போதும். பன்னிரண்டு பாடம் இருக்கிறது, அந்தப் பெட்டிகளை இயக்கும் குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலர் பற்றிய பாடம். வீட்டில் இருந்தபடியே பார்த்து, அவரவர் வாங்கிய பாகங்கள் அடங்கிய கிட்டில் செய்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நன்றாகச் செய்கிற நால்வருக்கு வேலை. முதல் பாடம் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும்.

அவள் புருஷன் எர்காசி லாரி ஓட்டியவன். முதுகெலும்பில் இரும்புத் தகடு வைத்த பிறகு இரண்டு குளிர்காலமாக வீட்டில்தான். அடுப்புக்கு நிலக்கரி வருவதும் மகள் ஷிம்கெந்தில் படிப்பதும் கம்ஷாத்தின் சம்பளத்தில்தான். ஆகவே அந்தத் தாளை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்ததில் ஆச்சரியமில்லை.

ஊரில் இந்த மாதிரி கிட் விற்கிற கடை ஒன்றே ஒன்று. இணையத்தில் சொன்னால் வந்து சேர இருபது நாள் ஆகும். அந்த ஒரு கடையும் அவளுடைய தாய்மாமன் செய்ல்கானின் கடை. அதுதான் வினை.

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவள் பெற்ற பிள்ளை தாய்மாமனிடம் ஆயுளில் மூன்று முறை வாய்விட்டுக் கேட்கலாம். எதைக் கேட்டாலும் மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது. கேட்டது எதுவோ அதையே கொடுக்க வேண்டும், கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. கம்ஷாத் ஏழு வயதில், அம்மா காதில் ஓதியபடி, ஒரு குதிரைக்குட்டி கேட்டாள். கல்யாணமான புதிதில் இரண்டாவதாக ஒரு கறவைப் பசு கேட்டாள். செய்ல்கான் தொழுவத்திலேயே நல்ல பசுவை அவிழ்த்துக் கொடுத்தார். அந்த வருஷம் அவர் பெண்டாட்டி ராபிகாவுக்குக் கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் பாலில்லாத தேநீர். பதினாறு வருஷமாகியும் ராபிகா அதை மறக்கவில்லை. இப்போது செய்ல்கானிடம் ஒரு செம்பழுப்புப் பந்தயக் குதிரை இருக்கிறது. ஒன்பது வருஷமாக, கம்ஷாத் வாசலில் தலையைக் காட்டினாலே ராபிகாவின் கண் லாயத்துப் பக்கம் போய்விட்டு வரும்.

கடை என்றால், கப்பல் கன்டெய்னர் ஒன்றை அறுத்துக் கதவு வைத்தது. டிவி ரிமோட்டும் சார்ஜரும் கூரை வரை தொங்கின. உள்ளே ஹீட்டர் பக்கத்தில் ராபிகா பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். எதிர்த்த பலகையில் கேரட் சாலட் விற்கிற கொரியக்காரி ரோசா, கையுறை மாட்டிய விரலால் மிளகாய் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மாமா, நல்லாயிருக்கீங்களா. இதுல எழுதியிருக்கற மாதிரி கிட் இருக்கா பாருங்க."

செய்ல்கான் கண்ணாடியை மூக்கில் ஏற்றித் தாளைப் படித்தார். "இருக்கு தாயி. இதோ, சின்னப் பெட்டி. உங்க பொரிப்பகத்துப் பொம்பளைங்கதான் வரிசையா வந்து வாங்கிட்டுப் போறாங்க. இன்னும் மூணு கெடக்கு."

கம்ஷாத்துக்கு மூச்சு வந்தது. பையிலிருந்து பணத்தை எடுத்தாள். "எவ்வளவு மாமா?"

செய்ல்கானின் முகம் மாறிவிட்டது. "யாருகிட்ட நீட்டுற அத?"

"கடைதானே மாமா. ஏவாரம் ஏவாரம்தான்."

"கடைதான். நான் யாரு? சந்தை நடுவுல மருமவகிட்ட காசு வாங்கினான் செய்ல்கான்னு நாளைக்கு இந்த வரிசை பூரா பேசும். ரோசா இருக்கால்ல, அவ ஒருத்தி போதும்."

"என்ன ஏன் இழுக்கறீங்க" என்றாள் ரோசா, கேரட்டைப் பிசைவதை நிறுத்தாமல். காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராபிகா எழுந்து வந்தாள். மெலிந்த உடம்பு, கூர்மையான பார்வை. தாளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கம்ஷாத்தைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் ஏதோ கணக்கு ஓடி முடிந்தது முகத்திலேயே தெரிந்தது.

"ஏங்க, மருமவ வந்து நிக்கிறா. இந்தத் தீப்பெட்டியக் குடுத்தா அனுப்புவீங்க? மேல இருக்குல்ல, அத எறக்குங்க."

மேல்தட்டில் மூன்று வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது ஒரு பெரிய பெட்டி. அட்டையில் நான்கு சக்கரமும் இரண்டு கண்ணும் வைத்த ரோபோ வண்டியின் படம். கடையிலேயே விலை கூடிய கிட் அதுதான். விலைக்குப் பயந்தே ஒருவரும் தொடவில்லை.

"அத்தை, எனக்கு சின்னதுதான் வேணும். பாடத்துல அந்தப் பலகைதான் சொல்றாங்க."

"சின்னதுல இருக்கறது பெருசுல இருக்காதா? அண்டாவுல ஒரு கிலோ கறி வேகாதா?" ராபிகா பெட்டியைத் தலைத்துணி நுனியால் துடைத்து அவள் கையில் திணித்தாள். பிறகு குரலை எதிர்வரிசைக்கும் கேட்கும்படி உயர்த்தினாள். "ரோசா, நீயும் பாத்துக்க. மருமவ வந்தா, மாமன் கடையிலயே பெரிய சாமானத் தூக்கிக் குடுத்துட்டாரு. இதோட மூணு ஆச்சு. இனி கேக்க ஒண்ணும் இல்ல."

கம்ஷாத்துக்குப் புரிந்துவிட்டது. குதிரைக்குப் பதில் பெட்டி. வாங்க மாட்டேன் என்றால் மாமனை நடுச்சந்தையில் அவமானப்படுத்தியதாகும். வாங்கினால் இது எதற்கு உதவும் என்று தெரியாது. செய்ல்கான் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெண்டாட்டியின் கணக்கு எட்டவில்லை. மருமகளுக்குப் பெரியதைக் கொடுத்தோம் என்ற சந்தோஷம் மட்டும்தான். அந்த முகத்தைப் பார்த்து அவளால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு வேனேறிக் கிராமத்துக்குத் திரும்பினாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தார்கள். எர்காசி படுக்கையிலிருந்து ஒருக்களித்துப் பார்த்தான். பேட்டரியைப் போட்டதும் வண்டி உறுமிக்கொண்டு கம்பளத்தில் ஓடி, அடுப்புக் காலில் முட்டி, திரும்பி அவன் செருப்பின் மேல் ஏறியது. எர்காசி சிரித்துவிட்டான். அவன் சிரித்து நாளாகியிருந்தது.

"நல்லாத்தான் ஓடுது. லாரிக்கு ஆள் வேண்டாம்னு ஒருநாள் இப்படித்தான் ஆகப்போவுது."

கம்ஷாத் சிரிக்கவில்லை. போனில் பாடத்தை ஓடவிட்டு, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்குரூக்களைக் கழற்றினாள். பாடத்தில் வாத்தியார் பதிமூன்றாம் துளையில் வயரைச் செருகுகிறார். இதில் அந்தத் துளையே கண்ணில் படவில்லை. பலகையின் மேல் மோட்டாருக்கான தட்டு ஒன்றை வைத்து, ஈயம் உருக்கிச் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். பிரெட்போர்டு கிடையாது. தனி எல்இடி கிடையாது. வண்டிக்கு ஓடத்தான் தெரியும், பாடம் படிக்கத் தெரியாது.

வாத்தியாருக்குப் போன் போட்டாள். சின்ன வயசுக்காரர், எரிந்து விழவில்லை.

"அக்கா, அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தட்டப் பிரிச்சீங்கன்னா பலகையோட போயிடும். நான் சொன்ன கிட்டுல உள்ள பலகைக்குள்ள மினுக்குற புரோகிராம் ஏற்கனவே இருக்கும். கரண்ட் குடுத்தா போதும். அதனாலதான் அதையே வாங்கச் சொன்னேன்."

"ஒரு நாள் தள்ளிக் குடுக்க முடியாதா தம்பி?"

"லிஸ்ட் என் கையில இல்லக்கா. ஆறு மணிக்கு அதுவா மூடிக்கும்."

எர்காசி அவள் பக்கம் திரும்பினான். "யாரையாச்சும் விட்டு சின்னது ஒண்ணு வாங்கிடு. மாமனுக்குத் தெரியவா போவுது?"

"தெரியாம என்ன. நம்ம ஊர்லேர்ந்து எவ போனாலும் யாருக்கும்மான்னு கேட்டுட்டுத்தான் கட்டிக் குடுப்பாரு. அவரு குடுத்தத மூலையில போட்டுட்டு ஒளிஞ்சு வாங்கினேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடஞ்சு போயிடுவாரு."

"திருப்பிக் குடுக்கலாமா?"

"மாமன் குடுத்தத எவ திருப்பிக் குடுத்திருக்கா?"

"அப்ப என்னதான் பண்ணுவ?"

 கழற்றிய ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் முடுக்கினாள். காலையில் முதல் வேனுக்கே போவது என்று மட்டும் தீர்மானித்தாள். போய் என்ன சொல்வது என்பது போகிற வழியில் தோன்றும் என்று நம்பினாள்.

ஞாயிறு ஒன்பது மணி வேன் வரவே இல்லை. ராத்திரிக் காற்று பனியை அள்ளிச் சாலையில் குவித்துவிட்டது. புல்டோசர் வந்து தள்ளி, வேன் கிளம்ப ஒன்றரை மணியானது. வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கம்ஷாத் ஆண்களோடு சேர்ந்து தள்ளினாள். பூட்ஸுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. சந்தை வாசலில் இறங்கும்போது மணி நாலரை. திரும்புகிற வேன் ஐந்துக்கு. அதைப் பிடித்தாலும் வீடு போய்ச் சேர ஆறரை ஆகிவிடும். இதை அவள் ஓடிக்கொண்டே யோசித்தாள்.

கடையில் ரோம மேலங்கி போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவர் கையில் சின்னப் பெட்டி. தட்டைப் பார்த்தாள், அந்த இடம் காலி.

"மீன் குளத்துக்கு வேணும். தண்ணி சூடு பாக்குமில்ல இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"பாக்கும், பாக்கும். கடைசிப் பெட்டி. எடுத்துக்கங்க" என்றாள் ராபிகா.

மனிதர் பணத்துக்காக உள்பைக்குள் கையை விட்டார். கம்ஷாத்துக்கு யோசிக்க நேரமில்லை. வாசல்படியில் நின்றபடியே சொன்னாள்.

"மாமா, நான் கேக்க வந்திருக்கேன்."

சாதாரணமாக வந்து ஒன்றைக் கேட்கிற குரல் இல்லை அது. இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தொனி தெரியும். ரோசா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் தலையை நீட்டினார். மீன்குளத்துக்காரரின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

ராபிகாவின் முகம் வெளுத்தது. "என்ன கேக்கப்போற? மூணும் முடிஞ்சுதே. வெள்ளிக்கிழமதான முடிஞ்சுது, ஊரே பாத்துதே."

"நான் கேக்கல அத்தை. நீங்களா குடுத்தீங்க. நான் காசோட வந்தேன்."

"கேக்காமயா குடுத்தோம்? தாளை நீட்டினல்ல?"

"இருக்கான்னுதான் கேட்டேன். வெல என்னன்னு கேட்டேன்."

"அது உண்மதான்" என்றாள் ரோசா. "எவ்வளவு மாமான்னுதான் கேட்டா. பணம் கையில இருந்துச்சு, நான் பாத்தேன். வெல கேக்கறது கேக்கறதுல சேராதுங்க. அப்படிப் பாத்தா இந்தச் சந்தைல ஒரு நாளைக்கு எனக்கு நூறு மருமவ."

"ஒன்ன யாரு கேட்டா? ஒங்க சனத்துக்கு இந்த வழக்கமே கெடையாது."

"இல்லதான். ஆனா நீதான அன்னிக்கு 'ரோசா நீயும் பாத்துக்க'ன்ன. பாத்தேன், சொல்றேன்."

செருப்புக்கடைக்காரர் ஆமோதித்துத் தலையசைத்தார். செய்ல்கான் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு கொஞ்சம் சுருங்கினது போலிருந்தது. அவர் கண்ணும் ஒருதரம் லாயம் இருக்கிற திசைக்குப் போய் வந்ததைக் கம்ஷாத் பார்த்தாள். குரல் மட்டும் நேராக வந்தது.

"அவ சொல்றது சரி. ரெண்டுதான் கேட்டிருக்கா. கேளு தாயி. என்ன வேணும்?"

ராபிகா புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு ஏதோ சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தது.

"இவரு கையில இருக்குற சின்னப் பெட்டி வேணும் மாமா."

 கன்டெய்னர் தகரத்தைக் காற்று உலுக்கியது.

"எது?" என்றார் செய்ல்கான்.

"அந்தச் சின்னப் பெட்டி. கூடவும் வேண்டாம், கொறயவும் வேண்டாம்."

"மூணாவதுக்கு... இதையா கேக்கற? நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான் மாமா. ஆறு மணிக்குள்ள முதல் பாடம் போகணும். இல்லன்னா வேல போயிடும். நீங்க குடுத்த வண்டி நல்லா ஓடுது, எர்காசி பாத்து சிரிச்சாரு. ஆனா அதுல பாடம் செய்ய முடியல."

செய்ல்கான் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. குதிரை தப்பியதில் வந்த நிம்மதி, அந்த நிம்மதிக்காக வந்த வெட்கம், வெள்ளிக்கிழமையே இதைக் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தம். மீன்குளத்துக்காரர் பெட்டியை இரண்டு கையாலும் கம்ஷாத்திடம் நீட்டினார். "நானும் எங்க மாமன் வீட்ல வாய்விட்டுக் கேட்டவன்தான். மீன் காத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். வேனைப் பிடித்துப் பயனில்லை. "மாமா, இங்கயே செஞ்சுக்கட்டுமா?" என்றாள். செய்ல்கான் கல்லாமேசையில் இருந்த ரிமோட்டுகளை ஒரே தள்ளாகத் தள்ளி இடம் பண்ணினார்.

கம்ஷாத்தின் விரல்கள் வேன் தள்ளியதில் மரத்துப் போயிருந்தன. ரெசிஸ்டரின் கால் மயிரிழைதான், துளைக்குள் இறங்காமல் வளைந்தது. ராபிகா சொல்லாமலே தேநீர்க் கிண்ணத்தை நிரப்பி அவள் கையில் வைத்தாள். குடிக்க அல்ல, பிடித்துக்கொள்ள. சூடு ஏறியதும் மறுபடி முயன்றாள். பதிமூன்றாம் துளையிலிருந்து ஒரு வயர். ரெசிஸ்டர். எல்இடி. அங்கிருந்து திரும்பி இன்னொரு வயர். பலகையைச் சார்ஜரில் செருகினாள். பலகையில் இருந்த குட்டி விளக்கு மினுக்கியது. அவள் செருகிய எல்இடி செத்தது மாதிரி கிடந்தது.

"கெட்டுப்போனதா இருக்குமோ?" என்றார் செய்ல்கான்.

"பேசாம இருங்க" என்றாள் ராபிகா.

மணி ஐந்து இருபத்தைந்து. எல்இடியைத் திருப்பிப் போட்டாள். எரியவில்லை. வேறொன்றையும் அப்படியே போட்டாள். அதுவும் இல்லை. போனில் பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். கன்டெய்னருக்குள் சிக்னல் நின்று நின்று வந்தது, வாத்தியார் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். ஐந்து நாற்பது.  பதினான்கு வருஷம் முட்டை பார்த்த கண் இது, ஆயிரம் முட்டையில் உயிரில்லாத ஒன்றைத் தட்டு நகர்வதற்குள் எடுத்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பாடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வயரையும் விரலால் தடவிக்கொண்டு போனாள். திரும்புகிற வயர் ஒரு வரிசை தள்ளி இறங்கியிருந்தது. எல்இடியின் காலும் அதுவும் அடுத்தடுத்த வரிசையில், ஒன்றையொன்று தொடாமல். பிடுங்கிச் சரியான வரிசையில் செருகினாள். விளக்கு வரவில்லை. எல்இடியைத் திருப்பிப் போட்டது நினைவுக்கு வந்தது. மறுபடி திருப்பி, நீண்ட கால் ரெசிஸ்டர் பக்கம் வரும்படி வைத்தாள்.

சிவப்பு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

"போனை யாராச்சும் பிடிங்க. என் மொகமும் தெரியணும், விளக்கும் தெரியணும்."

ராபிகாதான் பிடித்தாள். போன் அசையாமலிருக்க இன்னொரு கையால் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். கம்ஷாத் பெயரைச் சொல்லி, பாடத்தின் எண்ணைச் சொல்லி, விளக்கு பத்து முறை மினுக்கும் வரை காமிராவைப் பார்த்து நின்றாள். அனுப்பப் போனால் வீடியோ பாதியில் நின்றுவிட்டது. இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் இல்லை. இரண்டு பெண்களும் வெளியே காற்றுக்கு ஓடினார்கள். ரோசாவின் சாலட் பலகை மேல் ஏறி நின்று கம்ஷாத் போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். ராபிகா அவள் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஐந்து ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் பெயருக்கு எதிரே பச்சை நிறம்.

இறங்கினாள்.  இன்னும் பதினோரு பாடம் இருக்கிறது, பத்துப் பேரோடு போட்டி இருக்கிறது, ஆனாலும் பட்டியலில் பெயர் இருக்கிறது. செய்ல்கான் உள்ளே மினுக்கிக்கொண்டிருந்த விளக்கை அணைக்க மனமில்லாமல் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ராபிகா அவளை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினாள். காற்றில் அவள் தலைத்துணி அவிழ்ந்து பறந்தது. அதைக் கட்டிக்கொள்ளவில்லை.

"குதிரையக் கேட்டிருந்தா நான் குடுக்க விட்டிருக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. "வழக்கமாவது ஒண்ணாவதுன்னு எல்லார் முன்னாலயும் குறுக்க நின்னு முடியாதுன்னு சொல்லியிருப்பேன். ஒம்போது வருசமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வெச்சிருக்கேன்."

"தெரியும் அத்தை."

"தெரியுமா?"

"ஒவ்வொரு தடவ வரும்போதும் உங்க மொகத்துல படிச்சிருக்கேன். அதனாலதான் கேக்கல. நீங்க முடியாதுன்னுட்டா, அப்புறம் எனக்கு அம்மா வீடுன்னு சொல்லிக்க எது இருக்கு?"

ராபிகா மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இனி உனக்குக் கேக்க ஒண்ணும் பாக்கி இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"அப்ப நவ்ரூஸ் பண்டிகைக்கு வீட்டுக்கு வா. எர்காசியையும் கூட்டிட்டு வா. ரெண்டு நாள் தங்குற மாதிரி வா."

கம்ஷாத் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா இறந்து ஆறு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் அவளை வா என்று கூப்பிட்டதில்லை.